வெள்ளையைப் பூச முடியாது: ஒரு ஜாதிக்காயை வைத்து வாட்டர்கலரும் அச்சும்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு ஃபிரேம் கடையில் பத்து நிமிடம் நின்றால் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். தண்ணீரில் கரைத்துப் பூசிய எதுவும் ‘வாட்டர்கலர்’. மெஷினைத் தொட்டு வந்த எதுவும் ‘பிரிண்ட்’. பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலர் மயிலுக்கும் அதே பெயர்தான், மூன்று நாள் தகடு செதுக்கிக் கையால் தேய்த்து எடுத்த படத்துக்கும் இன்க்ஜெட் மயிலின் பெயர்தான். பிறகு விலையைக் கேட்டதும் “பிரிண்டுக்கா இவ்வளவு?” என்ற கேள்வி வருகிறது.

செடி, காய், சங்கு, பூச்சி என்று இயற்கைப் பொருள்களை உள்ளது உள்ளபடி வரைகிறவர்களை இந்தக் குழப்பம் அதிகமாகவே தொந்தரவு செய்கிறது. அந்த வகைப் படம் வளர்ந்ததே இந்த இரண்டு தொழில்களின் கூட்டில்தான். இரண்டுக்கும் அடியில் ஒரே விதி இருக்கிறது: வெள்ளையைப் பூச முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும். கீழே வரும் எல்லாம் அந்த விதியின் விளைவுகள்தான்.

உதாரணத்துக்கு ஒரு ஜாதிக்காயை எடுத்துக்கொள்வோம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பருக்கு நடுவே வீட்டுக்கு ஒன்றிரண்டு ஜாதி மரம் நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் காய் முற்றி வெடிக்கும். வெளியே வெளிறிய மஞ்சள் தொண்டு, அதாவது மேல்தோடு. அதன் பிளவுக்குள் பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை. கொட்டையைச் சுற்றி வலை போட்டதுபோல் ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி. மங்கிய பரப்பு, கண்ணாடிப் பளபளப்பு, பின்னிய வலை என்று மூன்று வேறு சிக்கல்கள் ஒரே காயில் கிடைக்கின்றன. பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

வாட்டர்கலர் என்பது எது

ஜன்னல் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் அறைக்குள் சிவப்பு வெளிச்சம் விழும். அதே ஜன்னலுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் வெளிச்சமே வராது. வாட்டர்கலர் முதல் வகை, போஸ்டர் கலர் இரண்டாம் வகை.

வாட்டர்கலரில் இருப்பது மிக நுண்ணிய நிறத்தூள். அதைக் காகிதத்தில் பிடித்துவைப்பது அரபிக் கோந்து, அதாவது வேல மர இனத்தின் பிசின். இந்தக் கலவையைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாகப் பரப்பினால் வெளிச்சம் நிறப்படலத்துக்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளைக் காகிதத்தில் பட்டு, மறுபடி அதே படலம் வழியாக வெளியே வருகிறது. நம் கண்ணுக்கு வருவது நிறத்தை இரண்டு முறை கடந்த வெளிச்சம். படத்தில் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் ஒரு தன்மை தெரிவது இதனால்தான்.

காகிதம்தான் இங்கே விளக்கு. கொட்டையின் மேல் மின்னும் புள்ளி வேண்டுமென்றால் அந்த இடத்துக் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். மறந்து மேலே பழுப்பு ஏறிவிட்டால், பிறகு வெள்ளைப் பெயின்ட் வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் நிற்கும். சுற்றியுள்ள இடத்தில் வெளிச்சம் காகிதத்திலிருந்து வர, அந்தப் பொட்டில் மட்டும் பெயின்ட்டின் மேல்தோலிலிருந்து வருகிறதே, பிறகு எப்படிச் சேரும்?

கஞ்சி போட்ட காகிதம்

தொடங்குகிறவர்கள் பெயின்ட்டுக்குச் செலவழித்துவிட்டுக் காகிதத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். தலைகீழாகச் செய்வதே நல்லது.

கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வேட்டியில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். கஞ்சி போடாத துணியில் உடனே உறிஞ்சிப் பரவும். வாட்டர்கலர் காகிதத்துக்கும் இப்படி ஒரு பசை ஏற்றுவார்கள். நல்ல தாள்களில் அது பெரும்பாலும் ஜெலட்டின். பசை இருப்பதால்தான் நிறம் மேற்பரப்பில் தங்கி, நாம் நகர்த்தும் வரை காத்திருக்கிறது. சார்ட் பேப்பரில் இந்த அளவு பசை இல்லை. தூரிகை பட்ட இடமெல்லாம் அப்படியே குடித்துவிடும், இரண்டாம் பூச்சில் தாள் நார்நாராகப் பிரியும்.

வாங்க வேண்டியது: நூறு சதவீதம் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம், ஹாட் பிரெஸ் என்று எழுதியது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 300க்கு மேல் போனால் சிறிய தாள் நனைந்தாலும் அதிகம் நெளியாது. ஹாட் பிரெஸ் என்றால் சூடாக அழுத்தி வழுவழுப்பாக்கியது. ஜாதிபத்திரியின் மெல்லிய ஓரத்தைச் சொரசொரப்பான தாளில் கூர்மையாக இழுக்க முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலமாரியில் சும்மா கிடந்த தாள் வெறும் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். பூசத் தொடங்கியதும் அங்கங்கே மை உறிஞ்சியதுபோல் கரும்புள்ளி கிளம்பும். பூஞ்சை பசையைத் தின்ற இடங்கள் அவை. அதற்குப் பிறகு மருந்து கிடையாது. வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடிவைக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: வாட்டர்கலர் என்றால் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். வெள்ளை என்பது காகிதம். அந்தக் காகிதத்தின் பசைதான் நிறத்தை மேலே நிறுத்துகிறது.

எந்த வரிசையில் வரைவது

ஜாதிக்காய் காத்திருக்காது. வெட்டிய தொண்டு சீக்கிரமே பழுப்பேறும். ஜாதிபத்திரி ஒரே நாளில் வாடத் தொடங்கி, உலர்ந்தால் ஆரஞ்சும் பழுப்புமாகிவிடும். அதனால் முதல் வேலை வரைவது அல்ல, நிறம் குறிப்பது. காய் வெடித்த அன்றே ஒரு துண்டுத் தாளில் தொண்டின் மஞ்சள், பத்திரியின் சிவப்பு, கொட்டையின் பழுப்பு மூன்றையும் கலந்து பூசி, எதோடு எதைக் கலந்தது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். உருவம் நாளையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், நிறம் இருக்காது. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அடுத்து அளவு. இந்த வகைப் படம் முடிந்தவரை பொருளின் உண்மை அளவிலேயே இருக்கும். கவராயத்தின் இரு முனையையும் காயின்மேல் வைத்து, அதே அகலத்தைத் தாளில் குத்திக்கொள்ளலாம். வெளிச்சம் இடது மேல்பக்கத்திலிருந்து வருவதாக வைத்துக்கொள்வது வழக்கம். பென்சில் கோடு கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்தால் போதும். மேலே நிறம் ஏறிய பிறகு அழியாது.

பெயின்ட்டின் பதத்துக்குக் கிராம் கணக்கு உதவாது, சமையலறைக் கணக்கு உதவும். முதல் பூச்சுக்கு நீர்மோர். அடுத்ததற்குக் கெட்டி மோர். கடைசிக் கருமைக்குத் தயிர். எப்போதும் வெளிறியதிலிருந்து கருமைக்குத்தான் போக முடியும். ஒளி ஊடுருவும் படலத்தில் மேலே போட்டது கீழே உள்ளதை மறைக்காது, கூட்டவே செய்யும்.

தொண்டுக்கு நீர்மோர்ப் பதத்தில் எலுமிச்சை மஞ்சள். அது ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கம் துளி பச்சை தொட்டால் இரண்டும் தானாகக் கலந்து ஓரமில்லாமல் திரும்பும். காய்போல் உருண்டை தெரிவது இந்த ஓரமில்லாத மாற்றத்தால்தான்.

பத்திரிக்கு நேராகச் சிவப்பு போடக்கூடாது. முதலில் வலை முழுக்க ஆரஞ்சு மஞ்சள். நன்றாகக் காய்ந்ததும் மேலே சிவப்பு, ஆனால் ஒவ்வொரு இழையின் மேல்விளிம்பிலும் மயிரிழை அளவு மஞ்சளை விட்டு. அந்த விளிம்புதான் இழை கொட்டையிலிருந்து எழும்பி நிற்பதைக் காட்டுகிறது. சிவப்பை வாங்கும்போது டியூபின் முதுகைப் படியுங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பழைய சிவப்பு, பி.ஆர்.83 என்று குறியிட்டது, வெளிச்சத்தில் மங்கும். வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அது வேண்டாம்.

கொட்டைக்கு மூன்று பூச்சு. மின்னும் இடத்தை முதல் பூச்சிலிருந்தே விட்டுவிட வேண்டும். அந்த வெள்ளை சும்மா வட்டமாக இருக்காது; உற்றுப் பார்த்தால் ஜன்னலின் சதுரமே வளைந்து உட்கார்ந்திருக்கும், அதையும் பத்திரி இழை குறுக்கே வெட்டியிருக்கும். இந்த ஒரு செதுக்கல் சரியாக வந்தால் பார்க்கிறவர் கை கொட்டையைத் தொடப் போகும்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. மேசையில் சிந்திய கட்டன்சாயா காய்ந்தால் நடுவில் வெளிறி விளிம்பில் கருவளையம் நிற்கும். துளியின் ஓரம் மெல்லிசு, சீக்கிரம் காயும். அந்தக் குறையை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், தூளையும் இழுத்துக்கொண்டு. பெயின்ட்டிலும் இதேதான் நடக்கிறது. பூசி முடித்ததும் ஓரத்தில் தேங்கிய துளியைப் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுத்துவிட்டால் வளையம் வராது.

இரண்டாவது, பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகையை வைப்பது. புதுத் தண்ணீர் பழைய தூளைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃப்ளவர் மாதிரி ஓரத்தில் குவிக்கும். வெயில் காலத்தில் ஐந்து நிமிடத்தில் கடக்கும் அந்தப் பாதி காய்ந்த நிலை, ஆடி மாதத்தில் அரை மணி நேரம் நீளும். புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள், தாள் குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ரப்பர் பால் பற்றி ஒரு பக்கவாட்டுச் செய்தி

மிகச் சிறிய வெள்ளைகளைக் காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். தொட்டுவைத்துக் காயவிட்டு, மேலே நிறம் பூசி, கடைசியில் உரித்தெடுத்தால் அடியில் காகிதம் வெள்ளையாக இருக்கும். சின்னப் பாட்டில், பெரிய விலை. உள்ளே இருப்பது முக்கியமாக ரப்பர் பாலும் அது உறையாமலிருக்கச் சேர்த்த அமோனியாவும்தான். ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், பாலைக் கெடாமல் வைக்க ஊற்றும் அதே அமோனியா. மூடியைத் திறந்தால் அருமனைக்காரர்களுக்கு வாசனை சொல்லித் தர வேண்டியதில்லை.

நல்ல தூரிகையை இதில் நனைத்தால் ஒட்டுப்பால் மாதிரி இறுகி அத்தோடு முடிந்தது. பழைய தூரிகையைக் குளியல் சோப்பில் உருட்டியெடுத்து நனைக்கலாம். அல்லது காய்ந்த பேனா நிப் போதும். ஒரு நாளுக்கு மேல் தாளில் விடக்கூடாது, வெயிலில் காயவைக்கவே கூடாது. உரிக்கும்போது காகிதத்தின் தோலும் சேர்ந்து வந்துவிடும்.

அச்சு என்பது நகல் அல்ல

இனி இரண்டாவது குழப்பம். ஓவியர் ஒரு படத்தை வரைந்து, அதை ஸ்கேன் செய்து இன்க்ஜெட்டில் எடுத்தால் அது நகல். மூலம் வேறு எங்கோ இருக்கிறது. அச்சுப் படத்தில் அப்படி மூலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஓவியர் செதுக்கியது ஒரு தகடு. தகட்டைச் சுவரில் மாட்ட முடியாது. அதிலிருந்து தாளில் இறங்கும் ஒவ்வொன்றுமே மூலம். இட்லித் தட்டில் வெந்த எல்லாமே இட்லிதானே, முதல் இட்லியின் நகல் என்று மற்றதைச் சொல்வோமா?

நம் பூஜையறை ரவிவர்மா படங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. கிளிமானூர் ராஜா ரவிவர்மா வரைந்தது எண்ணெய் ஓவியம். 1894-ல் மும்பையில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் கைத்தேர்ந்தவர்கள் அதைப் பார்த்து நிறத்துக்கு ஒரு அச்சுக் கல் என்று தனித்தனியாக வரைந்து அச்சிட்டார்கள். பெரும் கைத்திறன் அது. ஆனாலும் ஓவியத்தின் நகல்தான்.

அச்சில் மை எங்கே உட்காருகிறது என்பதை வைத்து வகை பிரிக்கலாம்.

மேட்டில் உட்கார்ந்தால் அது மேட்டு அச்சு. ரப்பர் ஸ்டாம்பும், வெண்டைக்காயை வெட்டிக் குழந்தைகள் போடும் பூவும் இந்த வகை. வேண்டாததைச் செதுக்கி எடுத்துவிட, மீதி நிற்கும் மேட்டில் மை ஒட்டும். செதுக்கிய இடம் வெள்ளை.

பள்ளத்தில் உட்கார்ந்தால் குழிவு அச்சு. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவார்களே, அதன்மேல் கரியைத் தடவித் துணியால் துடைத்தால் எழுத்துக்குள் மட்டும் கரி தங்கும். செம்புத் தகட்டில் உளியாலோ அமிலத்தாலோ கோடு இறக்கி, மை தடவித் துடைத்து, ஈரத்தாளை வைத்து இரண்டு உருளைக்கு நடுவே செலுத்துவார்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சு இயந்திரம் புதிதாகத் தெரியாது. உருளைகளுக்கு நடுவே ஒரு தட்டையான பலகை ஓடுவதுதான் வித்தியாசம். அழுத்தத்தில் ஈரத்தாள் கோட்டுக்குள் பிதுங்கி மையை எடுத்துவருகிறது.

மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் சமதளத்திலேயே அச்சிடுவது கல்லச்சு. மீன் பொரித்த தட்டில் தண்ணீர் ஊற்றினால் பிசுக்குள்ள இடத்தில் ஒட்டாமல் திரளும். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பென்சிலால் வரைந்து, கல்லை நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால் ஈரமான இடம் மையைத் தள்ளும், வரைந்த இடம் ஏற்கும். ஜெர்மனியில் செனபெல்டர் 1790-களின் இறுதியில் கண்டுபிடித்தது இது.

சுருக்கமாக: மேடு, பள்ளம், பிசுக்கு. மூன்றிலும் வெள்ளை என்பது மை போகாத காகிதம்தான். வாட்டர்கலர்க்காரர் தூரிகையால் சுற்றிப்போன வெள்ளையை அச்சுக்காரர் உளியால் எடுக்கிறார்.

லினோவில் ஜாதிபத்திரி

வீட்டில் தொடங்க ஏற்றது லினோ. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் படியவைத்த தகடு, மூன்று மில்லிமீட்டர் சொச்சம் கனம். இறுகியிருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் வெண்ணெய்போல் வெட்டு விழும்.

படத்தை டிரேஸ் பேப்பரில் எடுத்து, தாளைத் திருப்பிப்போட்டுத் தகட்டில் இறக்க வேண்டும். மெல்லிய கோட்டுக்கு வி வடிவ உளி, பரந்த இடத்துக்கு யு வடிவ உளி. பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். உளி வழுக்கும், வழுக்கினால் முன்னால் இருப்பது விரலாக இருக்கக்கூடாது. ஜாதிபத்திரியின் இழைகள் மேடாக நிற்க, இடையில் தெரியும் கொட்டையைக் குறுங்கோடுகளாகச் செதுக்கலாம். அவசரப்பட்டு ஒரு இழையை வெட்டிவிட்டால் ஒட்ட வழியில்லை, அந்த வலையில் ஓட்டை விழுந்ததுதான்.

மையைக் கண்ணாடித் தட்டில் ரோலரால் பரப்பும்போது காதைக் கொடுக்க வேண்டும். சரியான கனத்தில் மெல்லிய சரசரப்பு கேட்கும். சப்பென்று ஒட்டும் சத்தம் வந்தால் மை அதிகம், நுண்கோடெல்லாம் அடைந்துவிடும். மை குறைவென்றால் கருப்பு நிரம்பாமல் உப்புத் தூவியதுபோல் வரும். இயந்திரம் இல்லையா, கவலையில்லை. மெல்லிய மிருதுவான தாளைத் தகட்டின்மேல் விரித்து, சிரட்டை அகப்பையின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். தேய்ந்து வழுவழுப்பான பழைய அகப்பைதான் நல்லது, புதுசு கீறும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மை வராத இடத்தில் மறுபடி தேய்க்கலாம்.

சங்கு திரும்பினால் என்ன ஆகும்

திருப்பிப்போட்டு இறக்க வேண்டும் என்றது சும்மா அல்ல. அச்சு கண்ணாடிப் பிம்பமாக விழும். ஜாதிக்காய்க்கு இடவலம் மாறினால் பெரிய நஷ்டமில்லை. கன்னியாகுமரிக் கடையில் வாங்கிய சாதாரண இடம்புரிச் சங்கை அப்படியே தகட்டில் வரைந்து அச்சிட்டால் தாளில் வலம்புரி வந்து நிற்கும். கடையில் அந்த வித்தியாசத்துக்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். காச்சில் கிழங்குக் கொடி ஒரு பக்கமாகச் சுற்றும், அதன் உறவுக் கொடிகளில் சில மறுபக்கம் சுற்றும். இனம் பிரிக்க அது ஒரு அடையாளம். படத்தில் திசை மாறினால் செடியே மாறிப்போகிறது.

இது பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1650-ல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு கூம்புச் சங்கைச் செம்புத் தகட்டில் வரைந்தார். தன் கையெழுத்தை மட்டும் இடவலம் மாற்றி எழுதி அச்சில் நேராக வரவைத்தார். சங்கைத் திருப்பவில்லை. அச்சில் அது எதிர்ப்பக்கம் சுருண்டே கிடக்கிறது.

இரண்டும் சேரும் இடம்

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் என்ற மலபார்ச் செடிகள் பற்றிய நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. செடிகளைச் சொன்னவர்களில் முக்கியமானவர் வைத்தியர் இட்டி அச்சுதன். படங்கள் இங்கே வரையப்பட்டு, அங்கே செம்பில் வெட்டப்பட்டன. தாவரவியலாளர் ராக்ஸ்பர்க்கின் ‘சோழமண்டலக் கடற்கரைச் செடிகள்’ நூலின் படங்கள் 1795-லிருந்து 1820 வரை 300 தகடுகளில் வெளிவந்தன. கோடு அச்சு, அதன்மேல் கையால் பூசிய நிறம். இன்னொரு தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838-லிருந்து 1853 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2101 கல்லச்சுப் படங்கள். வரைந்த கைகள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்களுடையவை. வைட்டின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர்கள் பெயர் தெரியாமல் போனது நியாயமில்லை.

கோட்டை அச்சு கொடுக்கும், நிறத்தை வாட்டர்கலர் கொடுக்கும் என்ற அந்தக் கூட்டை வீட்டிலும் செய்யலாம். ஒரே நிபந்தனை, மை எண்ணெய் மையாக இருக்க வேண்டும். தண்ணீர் மையில் அச்சிட்டு மேலே வாட்டர்கலர் பூசினால் கருப்பு கரைந்து சிவப்பெல்லாம் சேறாகும். எண்ணெய் மை காய்ந்த பிறகு தண்ணீரை ஏற்காது. பத்திரியின் கோட்டின்மேல் தூரிகையைத் தாராளமாக ஓட்டலாம். ஆனால் எண்ணெய் மை ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குறைந்தது ஒரு வாரம், மழைக்காலத்தில் அதற்கும் மேல். ஓரத்தில் ஈரப் பஞ்சை அழுத்திப் பார்த்துக் கருப்பு ஒட்டாவிட்டால் தொடங்கலாம்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

அச்சுப் படத்தின் கீழே பென்சிலில் 3/20 என்று இருந்தால், மொத்தம் எடுத்தது இருபது, இது மூன்றாவது என்று பொருள். பூதக்கண்ணாடியில் நிறம் நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது இயந்திர நகல். கையச்சில் மை ஒரே பரப்பாக நிற்கும், தாளின் முதுகில் தேய்த்த தடமோ அழுந்திய பள்ளமோ விரலுக்குத் தட்டும்.

ஃபிரேம் கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு வைத்து இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை நாளில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். இடைவெளி இல்லையென்றால் அந்த ஈரத்தில் கோந்து இளகி, ஜாதிபத்திரியின் சிவப்பு கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.